ஃபெர்மி கலோரிமீட்டர் பற்றி மூர்த்திக்கு

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு எம்.எஸ்ஸி. இயற்பியலில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அவள் கேட்டது சரியான கேள்வி. ஃபெர்மி காமா கதிர் விண்தொலைநோக்கியில் துகளின் ஆற்றலை அளக்கும் கருவியான கலோரிமீட்டரின் தடிமன் 8.6 கதிர்வீச்சு நீளம்தான் (ஒரு பொருளில் அதிவேக எலக்ட்ரான் தன் ஆற்றலில் பெரும்பங்கை இழக்கும் தூரம்தான் கதிர்வீச்சு நீளம்). 100 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் காமா நேராக விழுந்தால், அதிலிருந்து பெருகும் துகள் கூட்டமான பொழிவின் உச்சமே அடி அடுக்குகளை ஒட்டித்தான் வரும். மீதி வெளியே ஒழுகிவிடும். பிறகு ஆற்றலை எப்படிச் சொல்கிறார்கள்?

துண்டு துண்டாகப் பிரித்திருப்பதால்தான். 16 கோபுரம், ஒவ்வொன்றிலும் 8 அடுக்கு, அடுக்குக்கு 12 கட்டைகள் (துகள் பட்டால் ஒளிரும் சீசியம் அயோடைடு படிகம்), குறுக்கும் நெடுக்குமாக. அடுக்குவாரியாகப் பொழிவு ஏறும் வளைவைப் பொருத்தினால், ஒழுகிய பங்கு தெரிந்துவிடும். தடிமனைக் கூட்டப் போனால் எடை எகிறும்.

தொல்லை கட்டையின் முனைகளில். நீளம் 326 மி.மீ.; 40 டிகிரி மாறினால் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும், சுற்றியுள்ள கார்பன் இழைக் கூடு அசையவே அசையாது. அதனால் கட்டையை இறுக்கக் கூடாது. முனையில் ஒளியை மின்குறிப்பாக்கும் போட்டோடையோடை, இறுகிப்போகும் எப்பாக்ஸி பசை போட்டு ஒட்டினாலும் விரிசல் விடும்; நெகிழும் சிலிக்கோன்தான் தாங்கும். ஒட்டு விட்டுக் காற்று புகுந்தால் அந்த முனையில் ஒளி சட்டென்று குறையும். இரு முனை ஒளியின் விகிதத்தை வைத்துத்தானே கட்டையில் துகள் பட்ட இடத்தைக் கணிக்கிறோம்? துகள் மறுமுனைப் பக்கம் விழுந்ததுபோல் கணக்கு காட்டும். ஆற்றலில் வரும் பிழையைவிட இது மோசம், பொழிவின் அச்சே சாய்ந்துவிடும்.

கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்த (calibration) விண்கதிரே போதும். ஒரு புரோட்டான் 2 செ.மீ. படிகத்தைக் கடந்தால் சுமார் 11 மெகா எலக்ட்ரான்வோல்ட். கார்பன் அணுக்கரு என்றால் மின்னூட்டத்தின் வர்க்கப்படி 36 மடங்கு, கிட்டத்தட்ட 400. ஒவ்வொரு முனையிலும் இருக்கும் பெரிய டையோடு (2 மெகா முதல் 1.6 ஜிகா வரை), சிறிய டையோடு (100 மெகா முதல் 70 ஜிகா வரை) இரண்டும் பார்க்கும் இடம் அது. இரண்டின் அளவையும் ஒன்றோடொன்று பொருத்த எனக்குப் பிடித்த புள்ளி கார்பன்தான். ஆனால் கார்பன் போன்ற கனமான அணுக்கருக்களுக்கு ஒளி ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் வராது, திருத்தம் வேண்டும். படிகத்துக்குள் உடைந்துபோன அணுக்கருக்களையும் கழிக்க வேண்டும். அடுத்தடுத்த அடுக்குகளில் ஒரே அளவு படிவு இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்.

அவள் ஒரே ஒரு கட்டையை வைத்து ப்ராஜெக்ட் செய்யலாம். மேலும் கீழும் சிறிய பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் பட்டால் ஒளிரும் தகடு) வைத்து, 2 செ.மீ. இடைவெளியில் நகர்த்தி, விண்கதிரால் வந்து விழும் மியூவான் துகள்களைப் பதிவு செய்யட்டும். தாலியம் கலந்த இந்தச் சீசியம் அயோடைடு படிகத்தின் ஒளி மெதுவாக வரும், மின்துடிப்பை வடிவமைக்கும் ஷேப்பர் சுற்றின் நேரம் 3–4 மைக்ரோநொடி இருக்கட்டும். இரு முனை விகிதத்தின் மடக்கை இடத்தோடு சீராக ஏறுகிறதா என்று வரைபடம் போட்டு அனுப்பச் சொல்.

அன்புடன்,
ராகவன்