தாழ இறக்கிய ஹாட் ராடுகளும் காற்றிழந்த டயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட பழைய கார்களான ஹாட் ராடுகளைப் பற்றி வெளியான படக்கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். 1932-ஆம் ஆண்டு ஃபோர்டின் முகப்பழகையும், பழைய உடலுக்குள் புதிய இன்ஜினைப் பொருத்துவோரின் கைத்திறனையும் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துரைத்திருந்தார். ஆனால், ஏறக்குறைய ஒவ்வொரு படத்தின் கீழும், அந்தக் கார் தரையை ஒட்டி எவ்வளவு தாழ்வாக நிற்கிறது என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டிருந்தது. அந்த உயரத்தில் முன்பக்கச் சஸ்பென்ஷன் என்ன பாடுபடுகிறது என்பது குறித்து ஒரு வரியும் இல்லை. அதைப் பற்றிச் சில செய்திகளை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இந்தக் கார்கள் தாழ்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் 1930-களிலேயே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை ஓட்டிப் பந்தயம் நடத்தினர்; அப்பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. கரடுமுரடான நாட்டுப்புறப் பாதைகளுக்காக உயரமாகக் கட்டப்பட்ட மாடல் டி, மாடல் ஏ கார்களை, பலகைபோல் பரந்து கிடந்த அந்தப் படுகையில் அத்தனை உயரத்தில் வைத்திருக்கத் தேவையில்லை. காரை இறக்கினால் காற்றின் எதிர்ப்பும் குறையும், புவியீர்ப்பு மையமும் தாழும். அங்கே பள்ளமும் இல்லை, வேகத்தடையும் இல்லை. அந்தத் தோற்றத்தை அப்படியே பொதுச்சாலைக்குக் கொண்டுவரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

தரை இடைவெளி என்றால் பெரும்பாலோர், நான்கு டயர்களிலும் காற்று நிறைந்து சமதளத்தில் நிற்கும் காரின் அடியில் அளவுகோலை வைத்துப் பார்க்கும் அளவையே எண்ணுகிறார்கள். அந்த அளவு பயனற்றது என்று சொல்லமாட்டேன்; ஆனால் உயிர் காக்கும் அளவு அதுவன்று. முன்சக்கரம் ஒன்றில் ஓடும்போதே காற்று இறங்கிவிட்டால் ரிம் ஏறத்தாழச் சாலையிலேயே உருளத் தொடங்கும். அந்த நிலையில் ரிம்மைத் தவிர வேறு எந்த உறுப்பும் சாலையைத் தொடக்கூடாது என்பதே ஹாட் ராடு கட்டுவோரிடையே 'ஸ்க்ரப் லைன்' என்று வழங்கும் விதி. ஒரு பக்க ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடும் இடம் வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு மறுபக்க ரிம்மிலிருந்து அதேபோல இன்னொன்று. குறுக்கே பெருக்கல் குறிபோல அமையும் அவ்விரு கயிறுகளில் எதற்கும் கீழே ஆக்சிலோ, ஸ்டீயரிங் உறுப்போ, பிரேக் குழாயோ, சேசிஸோ தொங்கக்கூடாது.

இந்த விதியின் நுட்பம் கயிறு கட்டிப் பார்த்தால்தான் விளங்கும். ரிம்மின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். காரின் நட்டநடுவே இரு கயிறுகளும் 2 அங்குலத்தில் சந்திக்கும். ஆனால் ஒரு சக்கரத்திலிருந்து உள்நோக்கி நான்கில் ஒரு பங்கு தூரத்தில் மேலே ஓடும் கயிறு 3 அங்குலத்தில் இருக்கும். சக்கரத்தை நெருங்க நெருங்க அது இன்னும் உயரும். ஆகவே, எல்லோரும் குனிந்து பார்க்கும் நடுப்பகுதிதான் உள்ளவற்றில் தாராளமான இடம்; யாரும் பார்க்காத, சக்கரத்தை ஒட்டிய பகுதியே கெடுபிடியான இடம். ஸ்டீயரிங் ஆர்ம், இரு முன்சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் டை ராடின் முனை, ஷாக் அப்சார்பரின் கீழ்ப் பிராக்கெட், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் ரேடியஸ் ராடு அதனோடு சேரும் பிராக்கெட் ஆகிய அனைத்தும் இருப்பது அங்கேதான். அவற்றுள் டை ராடு சாலையில் உரசித் தேய்ந்து அறுந்தால் ஓட்டுநர் கையில் ஸ்டீயரிங் வளையம் இருக்கும், சக்கரம் மட்டும் அவர் சொல் கேட்காது. இன்னொரு பிராக்கெட் தார்ச்சாலையின் இணைப்பு விளிம்பில் மாட்டிக்கொண்டால் முன்பக்கமே எம்பக்கூடும்.

அமெரிக்காவின் தேசிய ஹாட் ராடு சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதியைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். காரின் முன்முனையிலிருந்து முன் ஆக்சில் மையத்துக்குப் பின்னால் 12 அங்குலம் வரை 3 அங்குல இடைவெளியும், எஞ்சிய பகுதியில், ஆயில் பேனும் எக்ஸாஸ்ட் ஹெடரும் நீங்கலாக, 2 அங்குல இடைவெளியும் இருந்தால் போதும் என்கிறது அது. அந்த விதி நேராகவும் வழவழப்பாகவும் பராமரிக்கப்படும் 'டிராக் ரேஸ்' எனும் நேர்கோட்டு வேகப் பந்தய ஓடுதளத்துக்கு எழுதப்பட்டது. அதைத் தெருவில் ஓட்டும் காருக்கு உரிய சான்றிதழாக எடுத்துக்கொள்வது பொருந்தாது.

கயிற்றுச் சோதனையை ஒருமுறை செய்து மறந்துவிடவும் முடியாது. 225/35 ஆர் 18 அளவுள்ள டயரில் பக்கச்சுவர் 79 மில்லிமீட்டர்தான். ரிம் விளிம்பின் உயரமும் காரின் எடையால் டயர் அமுங்குவதும் போகக் கீழ் விளிம்பு தரையிலிருந்து சுமார் 2 அங்குலத்தில் நிற்கும். அந்த டயர் காற்றிழந்தாலும் கார் அதிகம் இறங்காது. அதே காரில், பழைய தோற்றம் வேண்டுமென்று, ஏறக்குறைய அதே வெளிவிட்டமுள்ள 165/80 ஆர் 15 டயரை மாட்டினால் ரிம் விளிம்பு சுமார் 4 அங்குலத்துக்கு உயர்ந்துவிடும். காற்று போனால் கார் இறங்கும் தூரமும் ஏறக்குறைய இரு மடங்காகும். நேற்று வரை சோதனையில் தேறிய பிராக்கெட் இன்று தேறாது, அதை யாரும் தொடவே இல்லை என்றாலும். சக்கரம் மாற்றுவதை வெறும் அலங்காரமாகக் கருதுவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இறக்கும் வழிகளும் ஒன்றுபோல் அல்ல. நடுத்தண்டு தாழ்ந்து முனைகள் மேலே வளைந்த 'டிராப்டு ஆக்சில்' ஸ்பிரிங்கின் அசைவைக் குறைக்காமலே காரை இறக்கும் என்பதால் அதையே நான் முதலிடத்தில் வைப்பேன். ஆயினும் அதிலும் ஒரு பொறி உண்டு: சேசிஸோடு சேர்ந்து ஆக்சில் தண்டும் தரையை நெருங்குகிறது, டை ராடு வேறு உறுப்புகளில் இடிக்காமலிருக்க ஸ்டீயரிங் ஆர்ம்களைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டியும் வருகிறது. அந்த ஆர்ம்களைப் பட்டறையில் சூடேற்றி மனம்போனபடி வளைப்பதைவிட, அதற்கென வார்ப்படமின்றி அடித்து உருவாக்கப்பட்ட ஆர்ம்களை வாங்குவதே நல்லது. லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளை உருவி எடுத்து இறக்குவது மலிவான வழி. ஸ்பிரிங் தளர்ந்து, ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருந்த இடைவெளியும் சுருங்கிவிடும். மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரும் இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பு இரும்பை அடிக்கும். சுருள் ஸ்பிரிங்கைக் கேஸ் டார்ச்சால் அறுப்பதைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது: சூடு பட்ட கம்பியின் பதம் கெடுவதோடு, சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில், பையில் காற்று முழுவதும் போன நிலையிலும் சக்கரம் திரும்புகிறதா, கயிற்றுக்குக் கீழே எதுவும் வராமல் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

முன் ஸ்பிரிங்கைச் சேசிஸின் மூக்குக்கு முன்னால் நீட்டிய பிராக்கெட்டில் தாங்கவைக்கும் அமைப்புக்கு அமெரிக்கர்கள் 'சூசைட் ஃப்ரன்ட் எண்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சரியாகச் செய்தால் அது ஓடும். ஆனால் முன்பக்க எடை முழுவதையும் நீண்டு நிற்கும் ஒரே பிராக்கெட்டின் வெல்டிங் சுமக்கிறது, அது விட்டால் சேசிஸ் நேரே சாலையில் விழும். அந்த வெல்டிங்கை வெறும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டு, விரிசல் காட்டும் சாயப் பரிசோதனை செய்யாத எந்தக் காரையும் நான் நம்பமாட்டேன்.

குறைவாகப் பேசப்படும் மற்றொன்று, ஆக்சிலின் வகைக்கும் ரேடியஸ் ராடுக்கும் உள்ள பொருத்தம். ஃபோர்டின் பழைய 'வி' வடிவ ரேடியஸ் ராடான விஷ்போனின் இரு கைகளும் பின்னால் ஒரே உருண்டை மூட்டில் கூடுவதால், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினாலும் ஆக்சில் முறுக்கப்படாது. அதைப் பிளந்து இருபுறச் சேசிஸிலும் தனித்தனியே மாட்டினால் ஆக்சில் முறுக வேண்டியிருக்கும். ஐ வடிவ ஆக்சில் ஓரளவுக்கு முறுகிக் கொடுக்கும். குழாய் ஆக்சில் கொடுக்காது. அப்போது முறுக்கு முழுவதும் பிராக்கெட்டுகளுக்கும் வெல்டிங்குக்கும் போய்ச் சேரும். குழாய் ஆக்சில்தான் வேண்டுமெனில் பக்கத்துக்கு இரண்டாக இணைகம்பிகள் உள்ள நான்கு கம்பி இணைப்பைப் பயன்படுத்துவதே முறை.

முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கேஸ்டர் கோணத்தையும் மறக்கக்கூடாது. சக்கர இடைவெளி 106 அங்குலமுள்ள 1932 ஃபோர்டில், பெரிய பின்டயர்களால் பின்புறம் 2 அங்குலம் உயர்ந்தால் முன்பக்கக் கேஸ்டர் 1 பாகைக்குச் சற்று மேல் குறையும். நெடுஞ்சாலை வேகத்தில் கார் தானாக நேரே ஓடும் தன்மை அந்த அளவுக்குக் குறையும். குரோம் முலாமும் அப்படித்தான்: கடினப்படுத்தப்பட்ட போல்ட்டையோ ஸ்பிரிங்கையோ முலாம் பூசியபின் உடனே வெப்பமூட்டிப் பதப்படுத்தாவிட்டால், எஃகினுள் புகுந்த ஹைட்ரஜன் அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். காட்சியில் மின்னும் உறுப்பு, சுமை தாங்கும்போது எச்சரிக்கையின்றி முறியலாம்.

இத்தகைய கார்களின் படங்களைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்றே விரும்புகிறேன். இனி வெளியிடும்போது, தரையிலிருந்து காரின் உயரம் எழுதும் இடத்தில், ரிம் விளிம்பின் உயரத்தையும் சக்கரத்தை ஒட்டிய மிகத் தாழ்ந்த உறுப்பின் உயரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உரிமையாளர் அவ்விரு எண்களையும் தர மறுத்தால், மறுத்தார் என்பதையே அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்