பேனலை மாற்றுமுன் ஆர்க்கிடெக்டைக் கேளுங்கள்

சுங்கை சிப்புட் வட்டார ஆலய, மண்டபக் கட்டடக் குழுவினருக்கு வணக்கம்.

நான் கிளாடிங் பேனல்களை, அதாவது வெளிச்சுவரின் மேல் போர்த்தும் தகடுகளை, விற்று, பொருத்தியும் கொடுப்பவன். ஆகவே இந்த மடலில் கொஞ்சம் வியாபார வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஈப்போவிலிருந்து ஆர்க்கிடெக்ட் வந்து வரைபடம் கொடுப்பார். நகராண்மைக் கழகத்தின் அனுமதி கிடைக்கும். தூண் எழும்புவதற்குள் நன்கொடையில் பாதி கரைந்துவிடும். முகப்பு வேலை வரும்போது குழுவில் ஒருவர் எனக்குப் போன் செய்வார்: "அண்ணே, படத்துல போட்டிருக்கிற பேனல் விலை கட்டுப்படியாகல. பார்த்தா அதே மாதிரி வேற ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது. அதுதான் சிக்கலே.

முகப்புக்குப் போடும் அலுமினியம் காம்போசிட் பேனல் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் கனம். இருபுறமும் அரை மில்லிமீட்டர் தகடு, நடுவில் அடைப்பு. அந்த அடைப்பு வெறும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கா, தீப்பரவலைக் குறைக்கும் தாதுப்பொடி கலந்ததா என்பது பொருத்திய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 உயிர்கள் போயின. ஒரு சமையலறையில் பிடித்த தீ, பாலிஎதிலீன் அடைப்புள்ள பேனல் வழியாகத்தான் கட்டடம் முழுக்க ஏறியது. எட்டே மாதத்தில், 2018 பிப்ரவரியில், பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிமுகப்பும் பற்றி எரிந்தது.

நம்முடையது ரெண்டு மாடி மண்டபம்தானே என்பீர்கள். சரி, உயரம் குறைவுதான். ஆனால் கல்யாணத்தன்று பின்சுவரை ஒட்டி எத்தனை கேஸ் தோங் (சிலிண்டர்) நிற்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. 2007 ஏப்ரலில் மலேசியாவில் சிசிசி என்ற கட்டட நிறைவுச் சான்றிதழ் முறை வந்ததிலிருந்து, கட்டடம் முடிந்து ஒழுங்காக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நகராண்மைக் கழகம் அல்ல. வரைபடத்தைச் சமர்ப்பித்த ஆர்க்கிடெக்டோ பொறியாளரோதான் அந்தச் சான்றிதழைத் தருகிறார். அவருக்குச் சொல்லாமல் பேனலை மாற்றினால், தான் தேர்ந்தெடுக்காத பொருளுக்கு அவர் பொறுப்பேற்கிறார். கேட்டவரும் குற்றவாளி, மாற்றிக் கொடுத்த எங்களைப் போன்ற சப்ளையரும் குற்றவாளி.

காசை மிச்சப்படுத்த வேறு வழி உண்டு, அது வரைபட மேசையில் இருக்கிறது. பேனல் பொதுவாக 1220க்கு 2440 மில்லிமீட்டர் அளவில் வருகிறது. ஓரத்தை மடிக்கவும் கொஞ்சம் போகும். ஆர்க்கிடெக்ட் 1300 அகலத்துக்குக் கோடு போட்டுவிட்டால், அகலமான தகட்டைத் தனியாக வரவழைக்க வேண்டும், இல்லையேல் வெட்டி வீணாக்க வேண்டும். கேட்லாக்கில் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு அளவை எங்கள் தலையில் கட்டும் ஆர்க்கிடெக்டுகளும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கோடு போடும் நாளிலேயே சப்ளையரும் உட்கார்ந்திருந்தால், ஒரு ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்தியே பல தகடுகளை மிச்சம் பிடிக்கலாம்.

வெயில் விஷயமும் அன்றைக்கே பேச வேண்டியது. மூன்று மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் நீளும். கறுப்பு நிறம் கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீள இடம் விடாமல் இறுக்கினால் தகடு உப்பும், சிலிகான் பிளக்கும், சாயங்கால மழை உள்ளே இறங்கும். அப்புறம் சாரம் கட்டி ஏறிப் பழுதுபார்க்கும் செலவு, முதலில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

நான் கேட்பது இதுதான். டெண்டருக்கு முன்பே ஆர்க்கிடெக்டையும் ஒரு சப்ளையரையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேனலின் தீச்சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டு சாம்பிளையும் வெட்டித் தரச் சொல்லி, இரண்டையும் ஆர்க்கிடெக்டின் ஒப்புதலோடு கோப்பில் வையுங்கள். சரக்கு வந்து இறங்கும் நாளில் அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே லாரிக்காரரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் கிளாடிங் குத்தகையாளர் ஒருவர்