நோட்டீஸ் போர்ட்ல ஒட்டின ரெண்டு வரிக்கு ஒரு பழைய மாணவி எழுதுறது

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், விளையாட்டுக் குழுவில இருக்கிற ஆசிரியர்மாருக்கும், பழைய மாணவர் சங்கத்து அண்ணாமார் அக்காமாருக்கும்,

வணக்கம். போன திங்கட்கிழமை பின்னேரம் எங்கட ரிலே டீம்ல ஓடுற ஒரு பிள்ளை அவட அம்மாட ஃபோன்ல இருந்து எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினா. நோட்டீஸ் போர்ட்ல இருந்தத ஒரு சொல் விடாம பாடமாக்கிட்டு வந்து அப்படியே சொல்றா: நிதி நிலைமை காரணமா மெய்வல்லுநர் அணிக்கான செலவுகள் மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுது, பயிற்சி பற்றிய விபரம் பிறகு அறிவிக்கப்படும், அவ்வளவுதான். கடைசியில அவ கேட்டது, "மிஸ், அப்ப சனிக்கிழமை பிராக்டிஸ் இருக்கா இல்லையா?" எனக்கு பதில் சொல்லத் தெரியேல்ல. கோச்சுக்கு கோல் எடுத்தா அவருக்கும் அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

ஸ்கூல்ட பேர நான் இதில எழுதேல்ல. உங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்கு தெரியத் தேவையில்ல, ஏனெண்டா இது ஸ்கூல அவமானப்படுத்த எழுதுற கடிதம் இல்ல. 90கள்ல இதே ஸ்கூலுக்கு நாலு தர நூறு ரிலேல மூண்டாவது ஆளா ஓடினவ நான், வளைவில ஓடுற அந்த இடம். இப்ப வெள்ளவத்தையில வேலை, சனிக்கிழமைகள்ல கோச்சுக்கு உதவியா வந்து நேரம் பிடிக்கிறது, பிள்ளைங்களுக்கு தண்ணி பாக்கிறது. அதனால கிரவுண்ட்ல நடக்கிறது என்ன எண்டு எனக்கு கிட்ட நிண்டு தெரியும்.

முதல்ல ஒண்டு சொல்லிடுறன், காசில்ல எண்டு நீங்க சொல்றத நான் நம்புறன். 2022 செப்டம்பர்ல கொழும்பில பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்துக்குப் போனது, எங்கட வீட்டிலயும் அப்ப எதக் குறைக்கிறது எண்டு ஒவ்வொரு மாசமும் நாங்க இருந்து எழுதினம் தான். 2024 ஜனவரில இருந்து வற் வரி 18 வீதம், சப்பாத்துக்கும் அதுதான் மற்ற சாமானுக்கும் அதுதான், கூடின விலை அப்படியே நிக்குது. ஸ்கூலுக்கு காசு தாற பெற்றோருக்கும் அதே நிலைமை, வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர்களும் எத்தனை தரம் அனுப்புறது. இதெல்லாம் எனக்கு விளங்குது. செலவ குறைக்கக் கூடாது எண்டு நான் கேக்கேல்ல.

ஆனா பெற்றோர் கூட்டத்தில ஒரு அம்மா எழும்பி இதப் பத்தி கேக்க மேடையில இருந்து வந்த பதில், அதத்தான் என்னால தாங்க ஏலாம இருக்கு. உண்மையான அர்ப்பணிப்பு இருக்கிற பிள்ளை காசில்லாட்டியும் ஓடும், ஒழுக்கமும் மனத்தைரியமும் காசால வாறதில்ல, இதுவும் அவங்களுக்கு ஒரு பாடம் எண்டு. ஹோல்ல கொஞ்சப் பேர் கையும் தட்டினாங்க. நான் பின்னுக்கு இருந்தன், அண்டைக்கு எழும்பிக் கதைக்க எனக்கு வரேல்ல, தொண்டை அடைச்சிட்டுது. இப்ப எழுதுறன்.

அர்ப்பணிப்பு எண்டு நீங்க சொன்ன சொல்லுக்கு அந்தக் கிரவுண்ட்ல இருக்கிற ஆக்கள ஒருக்கா பாருங்க. மட்டக்குளில இருந்து ஒரு பையன் வாறான், சனிக்கிழமை விடிய இருட்டோட 155 பஸ் பிடிச்சு, ஒரு நாளும் பிந்தினதில்ல, அவன்ட அப்பா புறக்கோட்டையில மூட்டை தூக்குற வேலை. அவனுக்கும் கிராண்ட்பாஸ் பையன் ஒருத்தனுக்கும் ஒரே ஒரு சோடி ஸ்பைக்ஸ், அதான் ஓடுற ஆணிச் சப்பாத்து, கால் அளவு அரை சைஸ் வித்தியாசம், சின்னக் காலுக்கு முன்னுக்கு பஞ்சு வைக்கிறது. ஒருத்தன் 200 ஓடி முடிஞ்ச உடன கழட்டி மற்றவனுக்கு குடுப்பான், அவன் அத லேஸ் கட்டிக்கொண்டே, ஓட்டத்துக்கு முதல் பேர் கூப்பிடுற கோல் ரூமுக்கு ஓடுவான். போன வருஷம் ஒரு மீட்ல ரெண்டு பேரும் ஒரே ஹீட்ல, ஒரே ஆரம்பச் சுற்றில வந்துட்டாங்க. என்ன செய்றது எண்டு நாங்க நிக்க, பெரியவன் சொன்னான் தம்பி போடட்டும் மிஸ், அவனுக்கு ஃபைனலுக்கு சான்ஸ் இருக்கு எண்டு. வெறுங்காலோட ஓடினான் சேர், அந்தச் சூட்டு சின்தெடிக் டிரக்ல. ஆறாவதா வந்தான். கால்ல கொப்புளம். அதப் பத்தி வீட்டில சொல்லாதீங்க எண்டு மட்டும் என்னட்ட கேட்டான்.

இன்னொரு பிள்ளை ரெண்டு வருஷமா ரிசேர்வ். ரெண்டு வருஷத்தில ஒரு போட்டி கூட ஓடேல்ல அவ. ஆனா ஒவ்வொரு பிராக்டிஸுக்கும் வந்து மற்றவங்கட செக் மார்க்குக்கு, எப்ப ஓடத் தொடங்கிறது எண்டு காட்டுற அடையாளத்துக்கு, டேப் ஒட்டுறது அவதான், யாருக்கு எத்தனை அடி எண்டு கொப்பியில எழுதி வச்சிருக்கிறது அவதான். ஒரு நாள் நான் கேட்டன் உனக்கு கவலையா இல்லையா எண்டு. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, நான் வராட்டி அவங்க நாலு பேருக்கும் பழக ஐஞ்சாவது ஆள் இல்ல தானே மிஸ் எண்டா.

2022 ஜூன்ல பெற்றோல் இல்லாம கொழும்பில ஸ்கூல் எல்லாம் மூடினாங்க, ஞாபகம் இருக்கும். பஸ் ஓட்டமும் இல்ல, தெருவெல்லாம் லைன், அப்ப இருந்த டீம் பிள்ளைங்க, இப்ப ஏஎல் முடிச்சிட்டுப் போயிட்டாங்க, அவங்க கிருலப்பனையில இருந்தும் தெமட்டகொடையில இருந்தும் சுதந்திர சதுக்கத்துக்கு நடந்தே வந்தாங்க, யாரும் வரச்சொல்லேல்ல, போட்டி நடக்குமா எண்டு கூட தெரியாது, சும்மா கொஞ்சத் தூர ஓட்டம் பழகிட்டு திரும்பவும் நடந்து போனாங்க. பசியோட வந்த பிள்ளைங்களும் இருந்தாங்க, அது எனக்குத் தெரியும், ஏனெண்டா பனிஸ் வாங்கிக் குடுத்தது நான்.

இந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் என்ன பாடம் படிப்பிக்கணும்? காசில்லாம ஓடுறது எப்படி எண்டு அவங்களுக்கு எப்பவோ தெரியும். அவங்க அப்படி இருக்கிறாங்க எண்டதையே காரணமா வச்சு பஸ் காசையும் நிப்பாட்டினா அது நியாயமே இல்ல. அழாத பிள்ளைட பங்கத்தான் முதல்ல எடுக்கிறோம் எண்ட மாதிரி இருக்கு. சத்தம் போடுற டீமுக்கு காசு போகுது, பொறுமையா இருக்கிற டீமுக்கு பாராட்டு மட்டும் போகுது.

தனியா ஓடிப் பழகலாம் தானே எண்டும் ஒருத்தர் சொன்னதா கேள்விப்பட்டன். காலி முகத்திடல்ல தனியா ஓடலாம், சரி. ரிலே தனியா பழக ஏலாது. நாங்க ஓடின காலத்தில பேட்டன், அதான் கைமாத்துற அந்தக் கட்டை, மாத்துற இடம் 20 மீற்றர், அதுக்கு முன்னுக்கு வேகம் எடுக்க 10 மீற்றர், இப்ப விதி மாறி எல்லாம் சேத்து 30 மீற்றர். எதுவா இருந்தாலும் வாங்குற ஆள் திரும்பிப் பாக்கக் கூடாது. உங்கட செக் மார்க்க வாற ஆள் தாண்டின உடன நீங்க முழு வேகத்தில ஓடத் தொடங்கணும், பின்னுக்கு இருந்து சத்தம் கேட்டதும் கைய பின்னுக்கு நீட்டணும், அந்தக் கையில பேட்டன் வந்து விழும் எண்டு நம்பணும். அது வாறதுக்கு மாசக்கணக்கா அதே நாலு பேர் அதே ஆளோட பழகணும். எனக்கு பேட்டன் தந்த பிள்ளைட குரல் இப்பவும் ஒரு ஆயிரம் குரலுக்குள்ள எனக்கு தெரியும். அவ இப்ப மெல்பேண்ல இருக்கிறா, போன மாசம் கோல்ல ஹலோ எண்டு அவ சொன்ன உடன என்ட வலது கை தானா பின்னுக்குப் போச்சு. ஸ்கூல் தந்த பயிற்சி அது. அத இந்தப் பிள்ளைங்களுக்கு இல்லாம ஆக்கிறதுக்கு முதல் யோசிங்க எண்டுதான் கேக்கிறன்.

வேற இடத்தில இப்படி நடந்தப்ப என்ன செய்தாங்க எண்டு நான் தேடிப் பாத்தன். அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், காசுக்கு பேர் போன இடம், 2020 ஜூலைல அவங்கட 36 விளையாட்டில 11 விளையாட்ட நிப்பாட்டப் போறோம் எண்டு அறிவிச்சாங்க. மல்யுத்தமும் அதில ஒண்டு. 2021 மார்ச்ல தேசிய கல்லூரிப் போட்டி இறுதியில அவங்கட மாணவன் ஷேன் கிரிஃபித் ஸ்கூல்ட அடையாளம் ஒண்டும் இல்லாத வெறும் கறுப்பு உடுப்பு போட்டு மல்யுத்த மெத்தைக்கு வந்தான், வந்து 165 இறாத்தல் பிரிவில சம்பியன் ஆனான். பழைய மாணவர்கள் சேந்து குரல் குடுத்தாங்க, காசும் சேக்கிறோம் எண்டு முன்னுக்கு வந்தாங்க, கடைசியில 2021 மே மாசம் பல்கலைக்கழகம் அந்த முடிவையே மாத்தி 11 விளையாட்டையும் திருப்பி வச்சுது. அந்தப் பையன்ட வெற்றிய எல்லாரும் மன உறுதி எண்டு எழுதினாங்க, உண்மைதான். ஆனா நான் அந்தக் கறுப்பு உடுப்பத்தான் யோசிச்சுக் கொண்டிருந்தன், இருபது இருபத்தொரு வயசுப் பிள்ளைக்கு தன்ட ஸ்கூல்ட பேர நெஞ்சில போட மனம் வரேல்ல எண்டா அது எவ்வளவு பெரிய நோவு. இன்னொண்டும் பாருங்க, நிப்பாட்டுறோம் எண்டு சொன்ன நேரத்திலயும் அவங்க அந்த சீசன் வரைக்கும் விளையாடலாம், புலமைப்பரிசில் காசு தொடரும் எண்டு சொல்லித்தான் அறிவிச்சாங்க. எங்கட பிள்ளைங்களுக்கு சீசன் நடுவில ரெண்டு வரி.

கிரிக்கெட்ட பத்தியும் சொல்லத்தான் வேணும், கோவிக்காதீங்க. என்ட தம்பி இந்த ஸ்கூலுக்கு கிரிக்கெட் விளையாடினவன், பிக் மேட்ச் நாள்ல நானும் கொடி பிடிச்சிருக்கிறன், அந்தப் பிள்ளைங்கட காச பறிக்கச் சொல்லேல்ல. ஆனா ஒரே வருஷத்தில ஒரு டீமுக்கு புது பிளேஸரும் பகல் சாப்பாடும், இன்னொரு டீமுக்கு பூச்சியம் எண்டா அது குறைப்பு இல்ல, அது தெரிவு. இந்த நாட்டுக்கு ஒலிம்பிக்ல கிடைச்ச பதக்கம் ரெண்டே ரெண்டு: 1948 லண்டன்ல டங்கன் வைட் 400 மீற்றர் தடை தாண்டல்ல எடுத்த வெள்ளி, 2000 சிட்னில சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர்ல எடுத்தது. சுசந்திகாட வெண்கலம், அந்த ஓட்டத்தில முதலாவதா வந்த மரியன் ஜோன்ஸ்ட பதக்கம் பறிபோன பிறகு வெள்ளியாச்சு. ரெண்டும் ஓட்டம். ஆசிய விளையாட்டு விழாவில இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தது ஒரு தமிழர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரில படிச்ச எதிர்வீரசிங்கம், 1958 டோக்கியோவில உயரம் பாய்தல், 2.03 மீற்றர். எங்கட ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலயும் பிரதம விருந்தினர் அவர்ட பேர சொல்லுவார், நாங்களும் கை தட்டுவோம். எங்கட ஸ்கூல்ல உயரம் பாய்தல் மெத்தை கிழிஞ்சு ரெண்டு வருஷம், பிள்ளைங்க மணல்ல கத்தரி பாய்ச்சல் மட்டும் பழகுறாங்க.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்ல. இந்த சீசன முடிக்க விடுங்க, சேர் ஜோன் டாபட் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிக்கு பேர் குடுத்த பிள்ளைங்க போய் ஓடிட்டு வரட்டும். குறைக்கத்தான் வேணும் எண்டா எல்லா டீமுக்கும் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, பிள்ளைங்களே அத ஏத்துக்கொள்ளுவாங்க, தங்களுக்கு மட்டும் எண்டதாலதான் அவங்களுக்கு நோகுது. விளையாட்டுக் கணக்கு என்ன வந்தது என்ன போனது எண்டு பழைய மாணவர்களுக்கு ஒருக்கா காட்டுங்க, எங்க ஓட்டை எண்டு தெரிஞ்சா அடைக்கிறதுக்கு ஆக்கள் இருக்கிறாங்க, தெரியாம எப்படித் தாறது. பஸ் காசுக்கு என்னோட ஓடின எட்டுப் பேர் சரி எண்டு சொல்லிட்டாங்க, இந்த டேர்ம் முழுக்க நாங்க பாக்கிறோம், ரெண்டு பேர் இங்க, மத்தவங்க வெளிநாட்டில. ரெண்டு பேருக்கு ஒரு சோடி எண்ட கதைய நான் போன கிழமை அவங்களுக்கு சொன்னன், ஸ்பைக்ஸ் ஏற்கனவே பார்சல்ல வந்துகொண்டிருக்கு.

இன்னொண்டு, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். அதிபர் அவர்களே, நீங்க ஒருக்கா கிரவுண்டுக்கு வாங்க. முடிவு எதுவா இருந்தாலும் அத நீங்களே அந்தப் பிள்ளைங்கட முகத்தப் பாத்து சொல்லுங்க. அவங்க கத்த மாட்டாங்க, மரியாதையில்லாம ஒரு சொல் கூட வராது, அது எனக்கு நல்லாத் தெரியும். வெறுங்காலோட ஓடினவன் உங்களுக்கு கதிரை கொண்டு வந்து போடுவான். ரிசேர்வ் பிள்ளை தன்ட கொப்பிய காட்டுவா, அத வாங்கிப் பாருங்க, ரெண்டு வருஷ வேலை அதில இருக்கு.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு நாங்க கேட்டடியில நிப்பம். பேட்டனும் ஸ்டார்ட்டிங் புளொக்கும் இருக்கிற ஸ்டோர் ரூம் போன செவ்வாயில இருந்து பூட்டி இருக்கு, திறப்பு ஒஃபிஸ்ல எண்டு சொன்னாங்க. அந்தத் திறப்ப வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள செக்யூரிட்டி ஐயாட்ட குடுத்து வச்சீங்க எண்டா போதும், முடிஞ்சதும் பூட்டி நானே திருப்பிக் கொண்டு வந்து தருவன்.

இப்படிக்கு,
மூண்டாவது ஆளா ஓடின பழைய மாணவி,
வெள்ளவத்தை, கொழும்பு 06