வில்லைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். வில் என்ன ஆச்சு, வில் என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, அதனால் நன்றியையும் நடந்த கதையையும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். வில் பிழைத்துவிட்டது. முழுக்க இழுக்க 38 பவுண்டு விசை வேண்டியிருக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, எனக்கு அது போதும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இங்கே ஹூஸ்டனில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் வாங்கிய கைவேலை வில் அது. செய்தவர் யாரென்று தெரியாது, என்ன மரம், என்ன பசை என்று எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. எய்கிறவரைப் பார்க்கிற பக்கம், அதாவது வில்லின் வயிறு, கருத்த கனமான மரம். இலக்கைப் பார்க்கிற முதுகில் மூங்கில் பட்டை ஒட்டியிருந்தது. நன்றாகத்தான் எய்துகொண்டிருந்தேன். ஒருநாள் முழு இழுப்பில் 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம், பார்த்தால் கீழ்த் தண்டின், அதாவது பிடிக்குக் கீழே வளைகிற பாதியின், நுனிப் பக்கம் மூங்கிலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மயிரிழைக் கோடு.

முதல் நன்றி, திடலில் பக்கத்தில் நின்றிருந்த அந்த நரைத்த தாடிக்காரருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, மகள் படித்துச் சொல்வாள் என்று நம்புகிறேன். இன்னும் நாலு அம்பு எய்துவிட்டு வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வில்லைக் கையிலிருந்து வாங்கி நாணை இறக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். இழுக்கும்போது முதுகு விரிகிறது, வயிறு நசுங்குகிறது. விரிவைத் தாங்கத்தான் அங்கே மூங்கில் இருக்கிறது. அது கழன்றால் அந்தப் பாரம் முழுவதும் கீழே இருக்கிற மரத்தின் மேல் வரும், மரம் முகத்துக்கு நேராகச் சிதறும். அப்புறம் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மூங்கில் மேல் நுனியிலிருந்து பிடி வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தார். ஒட்டியிருக்கிற இடத்தில் கெட்டியான சத்தம், விட்ட இடத்தில் பொத்தென்று ஒரு சத்தம். கண்ணுக்குத் தெரிந்த விரிசல் ஒரு விரல் நீளம்தான், பொத்தென்ற சத்தமோ தண்டின் பாதி வரைக்கும் போனது.

அன்று ராத்திரியே சூப்பர் குளூ ஊற்றி இறுக்கிக் கட்டிவிட வேண்டியதுதானே என்று சொன்னவர்கள் பாதிப் பேர். அவர்களுக்கும் நன்றி, ஆனால் நாகர்கோவில் ஆசாரி அண்ணாச்சி வீடியோவில் வந்து ஒரே போடாகப் போட்டார்: "பசைய ஊத்துறதுக்கு முன்னால பேந்த எடத்தக் காட்டும்வே." விட்ட பட்டையை நுனியில் கொஞ்சம் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினேன். மரத்தின் பக்கம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. பசை மொத்தமும் மூங்கிலோடு போயிருந்தது, அதன் மேல் இழைப்புளி போன தடம் அப்படியே முத்திரை குத்தினாற்போல் பதிந்திருந்தது. பசை உடையவில்லை, மரமும் பிய்யவில்லை, மரத்தைப் பசை பிடிக்கவே இல்லை. மர நார் பசையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் வேறு கதை, பசை அங்கங்கே இல்லாமல் வறண்டிருந்தால் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கிப் பிதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், நகத்தால் அழுத்தினால் ரப்பராக இருந்தால் கலவை விகிதம் தப்பு. இதையெல்லாம் அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "தேக்குலயும் இப்படித்தாம்வே, எண்ண உள்ள மரம், தொடச்சிட்டு ஒடனே ஒட்டணும்."

என்ன மரம் என்று கண்டுபிடித்தது திருநெல்வேலி அக்கா, வேதியியல் டீச்சர். வில் செய்யப் பேர்போன ஓசேஜ் ஆரஞ்சு மரம் என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் தேய்த்துத் தூளெடுத்துச் சலவைச் சோடாத் தண்ணீரில் போடச் சொன்னார்கள். மஞ்சள் கலந்த பச்சைத் தூள், தண்ணீரில் விழுந்ததும் சிவப்பாகக் கரைந்து இறங்கியது. லாபச்சால் என்ற பொருள் காரத்தில் காட்டுகிற நிறமாம், அப்படியென்றால் இது தென்னமெரிக்காவின் ஈப்பே. வீட்டுக்கு வெளியே மேடை போட இங்கே வாங்குகிற அதே மரம். (2024 நவம்பரிலிருந்து இது, அழியக்கூடிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, இனி புதிதாக வாங்குவதைவிட இடித்த மேடையின் துண்டைத் தேடுவதே நல்லது.) பசைக்கும் அக்காவே வழி சொன்னார்கள்: உதிர்ந்த துணுக்கைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டோம், தோல் பசை என்றால் கரைந்திருக்கும், வெள்ளைப் பசை என்றால் வெளுத்து மெத்தென்று ஆகியிருக்கும், இது அசையவில்லை. அப்படியென்றால் எபாக்ஸி, இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கிற பசை.

கார் டிக்கியில் வைத்திருப்பீர்கள், டெக்சாஸ் வெயில்தான் காரணம் என்று ஒரு தம்பி கடைசி வரைக்கும் வாதாடினார். அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்ஸி 60 டிகிரியை நெருங்கினால் இளகும் என்பது உண்மைதான், எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கே வைத்திருந்தாரோ. ஆனால் வெயில் மட்டும் காரணம் என்றால் மரம் இவ்வளவு சுத்தமாக விடாது தம்பி, மன்னிக்கவும்.

அதே சூடுதான் பிறகு உதவிக்கு வந்தது. ஹீட் கன்னால் வாட்டி, பெயின்டர் பட்டி பார்க்கிற தகட்டை நுழைத்து மூங்கிலை முழுக்கக் கழற்றினோம். கீழ்த் தண்டு சுலபமாக வந்துவிட்டது, மேல் தண்டு படுத்திய பாட்டில் மூங்கில் இரண்டாகப் பிளந்தது. தான் சேர்த்து வைத்திருந்த மோசோ என்ற பெரிய சீன மூங்கிலின் பட்டையைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்த எதிர்வீட்டு அண்ணனை இங்கேதான் சொல்ல வேண்டும். அதை நடுவில் 3 மில்லிமீட்டர், நுனியில் 2-க்கும் கீழே என்று இழைத்து, வெளிப்பக்கக் கணுக்களைத் தொடாமல் விட்டோம், கணுவைச் சமமாக்கினால் நார் அறுந்து அங்கேதான் முறியும்.

மரத்தை ஆக்ஸா பிளேடின் பல்லால் நீளவாக்கில் கீறி, அசிட்டோனில் நனைத்த துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும் வரைக்கும் துடைத்தோம், உடனே பசை. உடனே வில்லில் இல்லை, முதலில் துண்டு மரத்தில், அண்ணாச்சி உத்தரவு. மறுநாள் உளி கொடுத்து நெம்பினால் மூங்கில் நாரே கிழிந்து ஈப்பேயோடு நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் வில்லைத் தொட்டேன். மெதுவாக இறுகுகிற எபாக்ஸி, கிளாம்புக்குப் பதில் பெரும்பாலும் சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றினோம், அது சீராக அழுத்தும், பசையைப் பிதுக்கித் தள்ளாது. கலவையை எடைபோடச் சமையலறைத் தராசைத் தியாகம் செய்த என் மனைவிக்கு, புதுத் தராசு வந்துகொண்டிருக்கிறது.

ஈப்பேத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும் என்று முகக்கவசப் பெட்டியோடு வந்தவருக்கும், கிளாம்ப் இரவல் தந்தவருக்கும் தனி நன்றி. கிளாம்புகளில் எபாக்ஸி ஒட்டியிருக்கிறது, சுரண்டிவிட்டு சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். வில்லையும் எடுத்து வருகிறேன், எய்து பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், 28 அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.