ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. இங்கே மாரி இன்னும் விட்டபாடில்லை. வாவி கரை முட்ட நிறைந்து கிடக்கிறது. கர்த்தருடைய கிருபையால் வீட்டில் எல்லோரும் நலம். மகள் கல்முனைப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றலாகி நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறாள் என்பதைத் தவிரப் பெரிய புதினம் ஒன்றுமில்லை. ஆதலால் நீர் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்த கேள்விக்கே நேரே வருகிறேன்.

ரொறன்ரோவின் குளிரில் வெளியே இறங்க முடியாதபடியால் ஞாயிறு ஆராதனையைக் கைத்தொலைபேசியில் பார்ப்பதாகவும், போதகர் அப்பத்தைப் பிட்கும் நேரத்தில் நீரும் ஒரு துண்டுப் பாணையும் சிறிது திராட்சைச் சாற்றையும் எடுத்துக்கொள்வதாகவும், அதில் மனதுக்கு நிறைவு இருப்பதால் இயேசுவின் கடைசி இராப்போசனத்தை நினைவுகூரும் திருவிருந்துதானே இதுவும் என்றும் எழுதியிருந்தீர். தேவன் ஆலயச் சுவர்களுக்குள் அடைபட்டவர் அல்லர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் திருவிருந்து உமக்கும் தேவனுக்கும் இடையில் மட்டும் முடிந்துவிடுகிற காரியமன்று என்பதே என் எண்ணம்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை முழுவதும் ஒருமுறை வாசித்துப் பாரும். கர்த்தராகிய இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியைப் பற்றிய வசனங்களைத்தான் நாம் பீடத்தின் முன் கேட்டுப் பழகியிருக்கிறோம். அவற்றுக்கு முன்னும் பின்னும் இருப்பது காதில் விழுவது குறைவு. கொரிந்து சபையில் இந்தத் திருவிருந்து ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்தி உண்டு முடிக்க, இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். அபாத்திரமாய், அதாவது தகுதியற்ற விதமாய்ப் புசிப்பதைப் பற்றிய அந்தக் கடுமையான எச்சரிக்கை வருவது இந்த இடத்தில்தான். திடப்படுத்தல் வகுப்பில் இருந்த காலத்தில் அதைக் கேட்டுவிட்டு, அயல்வீட்டு மாங்காய்க்காக நீரும் நானும் நடுங்கியது நினைவிருக்கும். பவுலின் கண் மாங்காயில் இல்லை, பக்கத்திலிருந்தவனின் வெறுந்தட்டில் இருந்தது. முடிவில் அவர் சொல்லும் மருந்தும் மிக எளியது: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." கைத்தொலைபேசியின் முன் அமர்ந்து நீர் யாருக்காகக் காத்திருக்கிறீர்?

இரண்டு வருடங்களாக எங்கள் ஆலயத்தில் திருவிருந்து மேசையை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் சிறு கிண்ணங்களைச் சுடுநீரில் கழுவித் துணியில் கவிழ்த்து வைப்பேன். காலையில் பாணின் ஓரங்களை வெட்டி நீக்கி, நடுப்பகுதியைச் சிறு சதுரங்களாக்கித் தட்டத்தில் அடுக்குவேன். பீடத்தின் முன்னுள்ள கிராதியில் முழந்தாளிடுகிறவர்கள் தாமாகத் தெரிந்தெடுத்த வரிசையில் வருவதில்லை. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரின் தோளோடு இங்கே கல்லடியிலுள்ள திருச்செந்தூர்க் கரைவலைக்காரரின் தோள் உரசுகிறது. காணி வழக்கில் எதிரெதிரே நிற்கும் இருவர் அடுத்தடுத்து கை நீட்டுவதையும் கண்டிருக்கிறேன். முன்னவர்கள் எழுந்து போகும்வரை பின்னவர்கள் நின்றுதான் ஆகவேண்டும். இந்தக் காத்திருப்பு எனக்கு முன்னெல்லாம் அலுப்பாக இருந்தது. இப்போது அதுவும் விருந்தின் ஒரு பகுதியாகவே தெரிகிறது.

நம்மவர்கள் இதில் எளிதாகத் தேறிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டபோது, தஞ்சாவூரில் பெருந்தொகையானோர் சபையைவிட்டு விலகினார்கள். அவர்களுக்கு இயேசுவோடு உண்பதில் தடையில்லை. அடுத்தவனோடு ஒரே பாத்திரத்தில் குடிப்பதில்தான் தடை. சிறு கிண்ணங்கள் சுகாதாரத்துக்காகவே வந்தன என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அவற்றைக் கழுவும்போது, அவை நம் சனத்துக்கு வேறொரு விதத்திலும் வசதியாகப் போயிற்றோ என்ற குறும்பான ஐயம் எழாமலில்லை.

நோயாளிகளும் முதியவர்களும் என்ன செய்வது என்று நீர் கேட்பீர். அதற்கு விடை பழையது. ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் இரத்தசாட்சி ஜஸ்டின் தம் காலத்து ஞாயிறு வழிபாட்டை விவரிக்கையில், வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதே அப்பத்தை எடுத்துச் சென்றார்கள் என்றும், அன்று சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் போயிற்று என்றும் எழுதுகிறார். எங்கள் போதகரும் ஆராதனை முடிந்த கையோடு படுக்கையில் இருக்கும் அம்மா ஒருவரிடம் போகிறார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். அந்த அம்மா முதலில் கேட்பது அப்பத்தை அன்று, "இண்டைக்கு ஆர் ஆர் வந்தது?" என்பதைத்தான். பெயர்களையெல்லாம் சொல்லி முடித்த பிறகே கையை நீட்டுவார்.

கத்தோலிக்கர்களிடமும் இதைப் பார்த்தேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று இங்கே சீயோன் தேவாலயத்திலும், கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்த பின், பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டு, அடுத்த ஞாயிறு கர்தினாலின் பூசை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. என் அயலவர் குடும்பம் அதைக் குசினிக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தது. நன்மை என்று அவர்கள் சொல்லும் திருவிருந்து அப்பத்தை வாங்கும் நேரத்தில் செபம் சொன்னார்களே தவிர, வீட்டில் இருந்த பாணைத் தொடவில்லை. அந்தப் பசியை அவர்கள் பசியாகவே வைத்திருந்தார்கள். கத்தோலிக்கன் அல்லாத எனக்கு அவர்களுடைய பீடத்தில் இடமில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு, அது உமக்கும் தெரியும்; ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

இனி ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். குளிர் என்று எழுதியிருக்கிறீர். அந்தக் குளிரிலேயே பேரப்பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போவதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர். சபைக் கணக்கு விடயத்தில் அங்குள்ள ஒருவரோடு முன்னர் உண்டான மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை என்றே ஊகிக்கிறேன். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது, வீட்டிலேயே இருந்துகொள் என்பதற்கான அனுமதி அன்று. அந்த மனிதரோடு முழுதாக ஒத்துப்போன பின்புதான் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியென்றால் எங்கள் கிராதியும் வெறுமையாகவே கிடக்கும். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, வரும் ஞாயிறு வருவேன் என்று மட்டும் சொல்லும். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதும்.

சித்திரையில் ஊருக்கு வருவதாக இருந்தீர். பயணச்சீட்டு எடுத்ததும் திகதியை அறிவியும். பெரிய வியாழனுக்கு முன் வந்து சேர்ந்தால், அன்று மாலை திருவிருந்துக்கு எனக்குப் பாண் வெட்டித்தர ஒரு ஆள் தேவைப்படுகிறது.

உம் அன்பு நண்பன்.