மாசி வீதி இரைச்சலை மார்கழியில் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

மதுரையின் போக்குவரத்து இரைச்சலை ஆண்டுச் சராசரியில் சொல்வது பயனற்றது. பத்து மாதம் 60 டெசிபல், இரண்டு மாதம் 66 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், சராசரி 62-ஐக்கூடத் தொடாது. வண்டிகள் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். 6 கூடுகிறதென்றால் நான்கு மடங்கு வண்டிகள் ஓடுகின்றன என்று பொருள். அந்த இரண்டு மாதம் தாளில் காணாமலே போய்விடுகிறது.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் பேருந்துகளும் மீனாட்சியம்மன் கோயிலில் விடியற்காலை தரிசனத்துக்காக நள்ளிரவு தாண்டி, கோயிலைச் சுற்றியுள்ள வெளி வீதிகளுக்கும் மாசி வீதிகளுக்கும் வந்து நிற்கின்றன. ஏசி ஓட வேண்டுமென்று என்ஜினை அணைப்பதில்லை. இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கிய வீதியில் அந்த உறுமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. பனிக்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழிறங்குகிறது. அதனால்தான் தொலைவில் அடிக்கும் ஹாரனும் அந்நேரம் பக்கத்தில் கேட்கிறது.

சித்திரைத் திருவிழாவின் கதை வேறு. தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி ஓடாது. இரைச்சல் அப்படியே மாற்றுப்பாதைக்குப் போய்விடும். அன்று வழக்கமான இடத்தில் கருவி வைத்தால் போக்குவரத்து இரைச்சல் குறைந்துவிட்டதாகத் தவறான முடிவுக்கே வருவோம். போதாக்குறைக்கு, கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்க முடிகிறது. திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு குடியிருப்புப் பகுதிக்கு 45, வணிகப் பகுதிக்கு 55, மருத்துவமனையைச் சுற்றிய அமைதி மண்டலத்துக்கு 40 டெசிபல். இதை மீறுகிறோமா என்று அறிய, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மார்கழி, சித்திரை, கூட்டமில்லாத ஒரு மாதம் என மூன்று முறை, ஒவ்வொன்றிலும் முழு வாரம், இரவு பகலாக அளக்க வேண்டும். மைக் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரை விட்டு 3.5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஈரச் சாலையில் டயர் சத்தம் கூடும் என்பதால் மழை நேரக் கணக்கைக் கழித்துவிட வேண்டும். விதி கேட்கும் 'ஏ' அளவு, காது கேட்கும் விதத்தை ஒட்டிக் கணக்கிடுவதால், நிற்கும் பேருந்தின் அடித்தொனியைக் குறைத்தே காட்டும்; அடித்தொனியை அவ்வளவாகக் குறைக்காத 'சி' அளவையும் சேர்த்துப் பதிவது அவசியம்.

அதுவரை காத்திருக்காமல் மாநகராட்சி செய்யக்கூடியதும் உண்டு. பக்தர்களின் பேருந்துகளை வெளி வீதிகளுக்கு அப்பாலேயே நிறுத்த இடம் தர வேண்டும். அங்கே கழிப்பறையும் தண்ணீரும் இல்லையென்றால் ஓட்டுநர்கள் மறுபடியும் உள்ளேதான் வருவார்கள். தேவையில்லாத ஹாரனுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம் உண்டு. போக்குவரத்துக் காவலர்கள் அதை இரவு ரோந்திலும் விதிக்க வேண்டும்.

- ஒலி அளவீட்டுப் பணியில் உள்ள வாசகர்கள், மதுரை