செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: புரட்டாசிக் கைவினைச் சந்தையும் ஐப்பசிக் கண்காட்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு தஞ்சாவூரில் நம் சங்கம் நடத்தியவை இரண்டு. ஒன்று, நவராத்திரியை ஒட்டிய கைவினைச் சந்தை. மற்றது, பெரிய கோயிலில் ராஜராஜ சோழனின் பிறந்த நட்சத்திரத்துக்கு எடுக்கும் சதய விழாவை ஒட்டி ஐப்பசியில் நடந்த ஓவிய, சிற்பக் கண்காட்சி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். காட்சிக்கு வைத்த பொருள்களுக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, வரும் ஆண்டு எதை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அழைப்பிதழில் 'இலையுதிர்காலக் கண்காட்சி' என்று போடலாமே என்று ஒரு யோசனை வந்தது. காவிரிக் கரையில் அப்போது இலை உதிர்வதில்லை, சம்பாப் பயிர் பச்சை கட்டிக்கொண்டிருக்கும். நம் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். காருக்குள் விற்றுத் தீர வேண்டிய சரக்கு எது, கூதிரின் ஈரத்தைத் தாங்கும் சரக்கு எது என்று நாம் பிரித்துப் பார்க்கவில்லை. இந்த ஆண்டு நேர்ந்த சேதம் பெரும்பாலும் இதனால் வந்ததுதான்.

கைவினைச் சந்தை

சந்தைக்கு நாள் குறித்ததில் தவறு நம்முடையது. நவராத்திரிக்கு முந்தைய பதினைந்து நாளான மகாளய பட்சத்தில் புதுப்பொருள் எடுக்காத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அமாவாசையன்றே கொலுப்படி கட்டுகிறவர்களோ அதற்கு முன்பே பொம்மை வாங்கியாக வேண்டும். ஆக, முதல் கூட்டம் பட்சம் தொடங்குமுன் வருகிறது, அடுத்த கூட்டம் அமாவாசைக்கு மறுநாள்தான் வருகிறது. நாம் கடை திறந்திருந்ததோ பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். அந்த நாள்களில் வந்தவர்கள் விலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

தலையாட்டிப் பொம்மை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புகார் அதிகம் வந்தது அதில்தான். சாய்த்தால் எழுந்து நிற்கும் வகைக்கு அடிப்பாகம் களிமண், மேலே காகிதக்கூழ். கனம் முழுதும் அடியில் இருந்தால்தான் பொம்மை நிமிரும். மேல்பாகம் சரியாகக் காயாமல் வண்ணம் அடித்துவிட்டால் இரண்டு கேடு. உள்ளே தங்கிய ஈரம் ஒரு பக்கமாகக் கனத்து, ராஜா பொம்மை கொஞ்சம் தோளைச் சாய்த்தே நிற்கும். பிறகு அந்த ஈரம் வெளியேறப் பார்க்கும்போது எனாமல் பூச்சு கொப்புளம் கட்டும். கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது, மேல்தோல் எப்போதும் முதலில் காயும். சமையல் தராசில் இரண்டு நாள் காலையில் எடை போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளே நீர் இருக்கிறது என்று பொருள். இரண்டு நாளும் ஒரே எடை காட்டிய பிறகு வெள்ளை அடிக்கலாம். பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்காத கூழை அடுத்த கொலுவுக்குள் பூச்சி அரித்துவிடும், இது எல்லோரும் அறிந்ததே. அறிந்தும் சிலர் விடுகிறார்கள்.

மேசை மட்டமாக இல்லாவிட்டால் நல்ல பொம்மையும் சாய்ந்து தெரியும். 6 அடி மேசையின் ஒரு கால் அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலே வாங்குபவர் குறையைப் பொம்மையின் மேல் ஏற்றுவார். இனி ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே சரக்கை இறக்க வேண்டும். மேசை விளிம்பில் அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தால் உருண்டு விழுவதும் நிற்கும். நான்கு துண்டாக ஆடும் நடன மாதுவை மேசை விசிறிக்கு எதிரே வைத்துக் கூட்டம் சேர்ப்பது நல்ல உத்திதான். ஆனால் நாள் முழுதும் ஆடினால் இடுப்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். ஆட்டிக் காட்டுவதற்கென்று ஒரு பொம்மையை ஒதுக்குங்கள், அதை விற்காதீர்கள்.

செப்டம்பர் 22 அன்று கைவினைப் பொருள்களுக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. நவராத்திரி விற்பனை நேரம். ஆனால் பல கடைகளில் வரி சேர்த்து எழுதிய பழைய விலைச் சீட்டே தொங்கியது. பதிவு பெற்றவர்கள் பில் புத்தகத்தையும் விலைச் சீட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பதிவு இல்லாதவர்கள் வரி என்று தனியாக எதையும் வாங்கவே கூடாது.

ஐப்பசிக் கண்காட்சி

சதயம் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்கிவிடும். வெளியூர்க் கூட்டம் வருவதும் அப்போதுதான், சுவர் வியர்ப்பதும் அப்போதுதான். மண்டபத்தில் ஈரப்பதமானி ஒன்று மாட்டியிருந்தோம். மழை பெய்த மாலைகளில் முள் 80 விழுக்காட்டைத் தாண்டியே நின்றது. ஓவியத்துக்கு 50 முதல் 60 வரை நல்லது.

தஞ்சாவூர் ஓவியப் பலகைகள் சில வளைந்தன. காரணம் தெளிவு. முன்பக்கம் காடாத்துணி, பசை, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவு, வண்ணம், தங்கரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) என்று அடுக்கடுக்காக மூடப்பட்டிருக்கிறது. பின்பக்கமோ வெறும் ப்ளைவுட். பின்னால் மட்டும் ஈரம் குடித்து மரம் உப்புகிறது, முன்னால் உப்ப வழியில்லை. பலகை வில்லாகி, மக்குப் பூசி மேடாக்கிய இடத்தில் மயிரிழை விரிசல் விடுகிறது. இதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒன்று, நீர்தாங்கும் தர ப்ளைவுட்டே வாங்கி, பின்புறத்துக்கும் வார்னிஷ் இரண்டு கை அடிப்பது. இரண்டு, 2 அடிக்கு மேற்பட்ட பலகைக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் இரண்டு கொடுப்பது. மூன்று, சட்டகத்தின் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவரோடு படியாமல் காற்று போக இடம் விடுவது.

கண்ணாடி இன்னொரு தலைவலி. கல்லும் ரேக்கும் கண்ணாடியைத் தொடும்படி சட்டம் போட்டிருந்தால், மழைநாளில் பசை இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. பிரிக்கும்போது ரேக்கு கண்ணாடிப் பக்கம் போய்விடும். மிக உயர்ந்த கல்லுக்கு மேல் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி உள்ரீப்பர் வையுங்கள். படத்துக்குச் சட்டம் போடுபவரிடம் வாயால் சொன்னால் போதாது, அளவை எழுதிக் கொடுங்கள்.

மாட்டும் முறையும் திருந்த வேண்டும். 2 அடிக்கு 3 அடிப் படம், 12 மில்லிமீட்டர் பலகை, 4 மில்லிமீட்டர் கண்ணாடி, தேக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து 12 கிலோவுக்குக் குறையாது. அதை ஒற்றை ஆணியில் மாட்டுவது துணிச்சல். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி இருபுறமும் வளையம் திருகி, கம்பியை இரண்டு கொக்கியில் மாட்டினால் படம் சாயாது, சட்டத்தின் மேல்மூலையும் வாய் பிளக்காது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 4¾ அடியில் வந்தால் பெரும்பாலோர் பார்வைக்குச் சரியாக அமையும். மூன்று வரிசையாக மேலேயும் கீழேயும் அடைப்பதைப் போன ஆண்டே நிறுத்தச் சொன்னோம். இந்த ஆண்டும் அடைத்திருந்தார்கள்.

வெளிச்சத்தில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் 22 காரட் ரேக்கும் வெளிறித்தான் தெரிகிறது. 3000 கெல்வின் எல்.இ.டி. ஸ்பாட் விளக்கு ஒன்றை மேலிருந்து சுமார் 30 பாகைச் சாய்வில் விட்ட கடைகளில் மேடாக்கிய தூக்கு வேலைக்கு நிழல் விழுந்து, அதே படம் உயிரோடு தெரிந்தது. நீர்வண்ணப் படங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு 50 லக்ஸ் போதும், கூடினால் நிறம் வெளுக்கும். கலைத்தட்டுக்காரர்கள் (வெள்ளித் தகட்டில் உருவம் புடைத்த தட்டு செய்பவர்கள்) பழைய ஹாலஜன் விளக்கை அரை அடியில் வைத்ததும் தவறு, வெள்ளித் தகட்டுக்குப் பின்னுள்ள அரக்கு சூட்டில் இளகும். தட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகத்தால் வெள்ளியில் கறுப்புக் கோடு விழும்.

நெட்டி வேலைதான் அதிகம் அடிபட்டது. நெட்டி நீரில் வளர்ந்த தண்டு, பஞ்சுபோல ஈரத்தை இழுக்கும். தந்தம்போல் இருந்த பெரிய கோயில் மாதிரி ஒன்றில் விமானத்தின் அடுக்குகள் சில பசை விட்டு எழும்பின. கண்ணாடிப் பெட்டியின் அடியில் சிலிக்கா ஜெல் வைக்க ஒரு கள்ள அறை வேண்டும், பெட்டியைத் திறக்காமலே மாற்றும்படி. ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பானால் அது ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. 120 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். அதற்கென்று பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சமைக்கும் பாத்திரம் வேண்டாம்.

சுவாமிமலை உலோகப் படிமங்களுக்கு ஈரத்தால் பெரிய கேடில்லை, விரல்பட்ட வியர்வைக் கறையோடு சரி. மாலைதோறும் உலர்ந்த பருத்தித்துணியால் துடைத்தால் போதும். பாலிஷ் பசை நகைச் செதுக்கில் புகுந்து வெள்ளையாகக் காயும். ஆனால் உரிய ஆவணம் இல்லாததால் இரண்டு விற்பனை முறிந்தது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த சிலை நாட்டைவிட்டுப் போக முடியாது. பழமை நிறம் ஏற்றிய புதுச் சிலையையும் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். வெளிநாட்டில் இருந்து வருபவருக்கு விற்றால், செய்தவர் பெயர், ஆண்டு, எடை, உயரம், படம் ஆகியவற்றோடு பில் கொடுங்கள். தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டும் என்பதையும் பணம் வாங்குமுன் சொல்லிவிடுங்கள்.

புவிசார் குறியீட்டு வில்லையை (இன்ன ஊர்ப் பொருள் என்று காட்டும் சின்னத்தை) ஒட்டுவதில் ஒழுங்கு குறைந்திருக்கிறது. தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டிப் பொம்மை, நெட்டி வேலை, சுவாமிமலைப் படிமம் எல்லாம் குறியீடு பெற்றவை. அதற்காக மேசையிலுள்ள அச்சுப் படத்துக்கும் ஃபைபர் பொம்மைக்கும் சேர்த்து ஒரே பதாகை கட்டக் கூடாது. பயன்படுத்த உரிமை பெற்றவர் தம் பொருளுக்கு மட்டும் ஒட்டலாம்.

பொதுக்குழுவின் முடிவுக்கு

1. கைவினைச் சந்தையை இரண்டாகப் பிரிப்பது: மகாளய பட்சத்துக்கு முன் மூன்று நாள், அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஐந்து நாள்.

2. நெட்டி, காகிதக்கூழ், நீர்வண்ணம் மூன்றையும் புரட்டாசியோடு முடித்துக்கொள்வது. ஐப்பசிக்குப் படிமம், கலைத்தட்டு, பின்புறம் பூசிய பலகை ஓவியம் மட்டும். நெட்டிக்காரர்கள் சதயக் கூட்டத்தை இழக்க நேரும் என்பது செயற்குழுவுக்குத் தெரியும். மூடிய பெட்டியில் ஆளுக்கு ஒரு மாதிரி வைத்து ஆர்டர் மட்டும் எடுக்கலாம் என்பது என் கருத்து. இதில் செயற்குழு ஒருமனதாக இல்லை.

3. பந்தல் ஒப்பந்தத்தில் தரையிலிருந்து அரை அடி உயர மேடையும் கூரைத் தகரத்துக்கு இரட்டை மேற்பொருத்தும் எழுத்தில் வாங்குவது.

அரங்கத் தட்டிகள் 8 அடிக்கு 4 அடி அளவில் கிடங்கில் நிற்கவைக்கப்பட்டிருக்கின்றன, வளையாமலிருக்கப் படுக்கவைக்க ஆள் வேண்டும். சங்கத்து ஸ்பாட் விளக்குகளில் இரண்டும் ரசமட்டம் ஒன்றும் இன்னும் திரும்பவில்லை. எடுத்துப்போனவர்கள் கூட்டம் முடியுமுன் அலுவலக மேசையில் வைத்துவிட்டால் பெயர் வாசிக்க மாட்டேன்.

செயலாளர்